தாடி மாமாவுக்கு அடித்த சாவு மணி

நம் கோயில் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளே, நாற்பதை எட்டுவதற்குள் நம்மில் பாதிப் பேருக்கு நரைத்துவிட்டது, மீதிப் பேர் மை பூசுகிறோம். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி தாடி மாமாவின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டாள். முதலையின் முதுகைத் தடவிக்கொண்டே, "பயப்படாதீங்க மக்களே, அதுதான் நம்மளப் பார்த்துப் பயந்துபோயிருக்கு" என்று சொல்கிறாரே, அதே துண்டுதான். உடனே ஆளாளுக்குக் கண்ணீர் விடுகிற பொம்மையாக அனுப்பித் தள்ளினீர்கள். அதோடு நின்றிருக்கலாம். கடைசியில் ஒருவன், "கோயில்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்ச நாளு ஞாபகம் இருக்காலே?" என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையையும் போட்டான்.

அந்தக் கோயில்பிள்ளை என் அப்பா என்பது அவனுக்குத் தெரியாததில்லை. எனக்குச் சுருக்கென்றது. பதில் எழுத ஆரம்பித்தேன், அது கட்டைவிரலுக்கு அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்தே எழுதுகிறேன். சிரித்தவனும் படிக்கட்டும்.

தருவைகுளத்துக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் ஊரில் அன்றைக்கு டிவி என்றால் கோயில் மன்றத்து டிவிதான். சுவரில் அறைந்த மரப்பெட்டி, அதற்கு இரட்டைக் கதவு, கதவுக்குப் பித்தளைப் பூட்டு. பெட்டியைத் திறந்தால் பழைய மரவாசனையும் பல்லி எச்ச வாசனையும் சேர்ந்து வரும். சாவி அப்பாவின் அரைஞாணில் தொங்கும். கோயிலைத் திறப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சாமியாரின் பூசை உடைகளை எடுத்துவைப்பது, மணி அடிப்பது, இவையெல்லாம் கோயில்பிள்ளையின் வேலைகள். அவற்றோடு டிவிப் பெட்டியும் வந்து சேர்ந்துகொண்டது. நாங்கள் குடியிருந்த ஓட்டுவீடும் கோயிலுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அப்பா பெட்டியைத் திறப்பார். தாடி மாமா வருவார். செம்பட்டைத் தாடி, காதில் ஒரு கடுக்கன், எப்போதும் நனைந்த சட்டை. எந்த நாட்டுக்காரர் என்று நாம் கேட்டதே இல்லை. நம்மைப் பொறுத்தவரை அவர் தமிழ்தான் பேசினார். கரகரவென்று, கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தது போன்ற குரல். பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு "இவளுக்கு இன்னிக்குக் கோபம்" என்பார். கடைசி இரண்டு நிமிடம் தன் சின்ன மகளைக் கூட்டிவந்து அவள் கையில் ஆமைக்குஞ்சையோ ஓணானையோ கொடுப்பார். அப்பா உட்கார்ந்து டிவி பார்த்து நான் கண்டதில்லை. சாவிக்கொத்தைப் பிடித்தபடி கதவோரம் நின்றே பார்ப்பார், அந்த மகள் வரும் இடத்தில் மட்டும் லேசாகச் சிரிப்பார்.

அந்த டிவியை வாங்கிக் கொடுத்தவர் சம்மாட்டி. சொந்தமாக நாலைந்து வள்ளம் வைத்திருந்தார், ஊர்க் கமிட்டித் தலைவரும் அவர்தான். முதலாளி என்று கரையில் குந்தியிருக்கிற ஆள் இல்லை, தன் வள்ளத்தில் தானே கடலுக்குப் போவார். அவருக்கு ஒரே மகள். டீச்சர் டிரெயினிங் படித்த அந்த அக்காதான் நமக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்தவள். குட்டு வைத்தால் வலிக்காது, ஞாபகம் இருக்கிறதா? அவள் முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த, பனங்காட்டு ஊர்ப் பக்கத்து இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சம்மாட்டி கோயில் முற்றத்தில் நின்று, "எனக்கு மக கெடையாது. இனிமே எவனாவது அவ பேர எடுத்தா நாக்க இழுத்து வச்சு அறுப்பேன்" என்று சொன்னார். ஊர் பயந்து அந்தப் பேரை விழுங்கிக்கொண்டது. அவள் நிறைமாதமாக இருக்கிறாள் என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கிசுகிசுத்ததோடு சரி.

மணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெளியூரில் வளர்கிற உங்கள் பிள்ளைகள் படித்தால் விளங்க வேண்டும் அல்லவா? பூசைக்கு அடிப்பது கலகலவென்று வரும். சாவுக்கு அடிப்பது அப்படி இல்லை. ஒரு அடி. அதன் ஓசை முழுக்க அடங்கிய பிறகு இன்னொரு அடி. செத்தது ஆணா பெண்ணா, கிழமா பிஞ்சா என்று மணி சொல்லாது. அந்த ஓசை காதில் விழுந்தால் கடலில் இருக்கிறவன் வலையில் மீன் துள்ளினாலும் வள்ளத்தைக் கரைக்குத் திருப்ப வேண்டும். பிணம் அடக்கமாகும்வரை ஒரு வள்ளமும் இறங்காது. ஓசை எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் முன்னே இருக்கிற வள்ளம் திரும்புவதைப் பார்த்துத் திரும்புவார்கள். இதில் பணக்காரன் ஏழை கிடையாது, சண்டைக்காரன் சொந்தக்காரன் கிடையாது.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கேயிருந்து உப்பளத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சோற்றில் போடும் காற்று. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நாம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது டீக்கடைப் பக்கம் ஒரு மாதிரி அமைதி. எப்போதும் சத்தமாக இருக்கிற இடத்தில் சத்தம் நின்றால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். ஓடினோம். டீக்கடை அண்ணாச்சி புதிதாக ஒரு சின்ன டிவி வாங்கி வைத்திருந்தார். அதில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு கையில் டீ வடிகட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார், டீ பாட்டுக்கு டம்ளர் நிரம்பி வழிந்தது.

தாடி மாமா செத்துவிட்டார். எங்கோ ஒரு கடலில் படம் பிடிக்க இறங்கியவரைச் சொறி, அதாவது ஜெல்லி மீன், தீண்டிவிட்டதாம்.

சொறி! நம்மால் நம்ப முடிந்ததா? முதலைக்குத் தப்பியவர், ராஜநாகத்துக்கு முத்தம் கொடுத்தவர். நம் கடலில் சொறி என்பது என்ன? கண்ணாடிக் கஞ்சி மாதிரி மிதந்து வரும், நூல் பட்டால் தடிக்கும், சுடுமணலைத் தேய்த்துவிட்டு மறுபடி குளிக்கப் போவோம். கரையில் ஒதுங்கினால் குச்சியில் குத்தி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியிருக்கிறோம். அந்தச் சொறியா? "அது வேற சாதிச் சொறிம்மா, அந்தக் கடல்ல உள்ளது" என்று அண்ணாச்சி சொன்னார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை. என் பக்கத்தில் நின்றவள் தன் முழங்காலில் இருந்த பழைய சொறித் தழும்பைக் குனிந்து பார்த்தாள். இப்போது செத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

அடுத்து வந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அடி. செய்தியில் அவர் பேசிய ஏதோ ஒரு பழைய பேட்டியைப் போட்டார்கள். அதே தாடி, அதே கடுக்கன். வாயைத் திறந்தால் வேறு ஒருவர் குரல். மெல்லிசாக, வேகமாக, இங்கிலீஷில். நம்முடைய கரகரக் குரல் எங்கே? "இது தாடி மாமா இல்லளா! நம்மாளு தமிழ்லதான பேசுவாரு. செத்தது வேற எவனோ!" என்று நம்மில் ஒருத்தி கத்தினாள். அவள் யார் என்று எழுதி அவள் மாமியாரிடம் மானத்தை வாங்க மாட்டேன். ஆனால் ஒரு நிமிடம் நாம் எல்லோருமே அவளை நம்பினோம். அந்த நேரம் பார்த்துச் செய்தியில் அந்தச் சின்ன மகளைக் காட்டினார்கள். யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் நமக்குச் சந்தேகம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினோம். ஏன் அங்கே ஓடினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பா மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முன்னால் போய் நின்றேன். "எப்பா, செத்துட்டாருப்பா!" என்றேன். பின்னால் உங்கள் அத்தனை பேர் அழுகையும். யார் என்று அப்பா கேட்டார், "தாடி மாமா" என்றோம். அவர் கையிலிருந்த தண்டு கீழே விழுந்து உருண்டது. எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. மணிக்கூண்டுக்குள் போனார்.

முதல் அடி விழுந்தபோது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்னொரு அடி. இன்னொன்று. கச்சான் காற்று அதை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனது.

தெருத் தெருவாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். மாவுக் கையோடு ஒருத்தி, பாதித் தலை பின்னியபடி ஒருத்தி. சாவு மணி கேட்டால் எந்த வீட்டில் ஒப்பாரி எழுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள், அந்த வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் அழுகை இல்லை. "யாரு வீட்டுலளா?" "எங்க வீட்டுல இல்ல, உங்க வீட்டுல?" என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கடலில் இருக்கிற தன் ஆளோ என்று ஒவ்வொருத்தியும் கடலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என் அம்மாதான் மணிக்கூண்டுக்குள் நுழைந்து அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாருக்குங்க அடிக்கீய?"

அப்பா கயிற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "டிவில வாற தாடிக்காரரு செத்துட்டாராம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காரியம் புரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நட்டநடுக் கடலில் துடுப்பு கைநழுவிப் போனவன் முகம்.

கடலில் வள்ளங்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. யாரும் சாகவில்லை என்று சொல்வதற்கு நம் ஊரில் ஒரு மணி கிடையாது. அப்பா கரைக்கு ஓடி, மேல்துண்டை எடுத்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அதைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வரச் சொல்கிறான் என்று நினைத்து எஞ்சினை முடுக்கினார்கள். வலையை இழுக்க நேரமில்லாமல் சிலர் அறுத்துவிட்டே வந்தார்கள்.

அவர்கள் கரையேறிய காட்சி இருக்கிறதே! வள்ளம் நிற்கும் முன்பே இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தார்கள். ஒவ்வொருவனும் ஒரு வீட்டைப் பார்த்து ஓடினான். பெண்டாட்டியை நாள்தோறும் அடிக்கிறவன் பெண்டாட்டி பேரைக் கூவிக்கொண்டு ஓடினான். அண்ணனோடு பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவன் அண்ணன் வீட்டு வாசலில் போய் விழுந்தான். யாருக்கு யார் மேல் உயிர் என்பது ஊர் முழுக்க அன்று பட்டப்பகலில் தெரிந்துபோனது.

சம்மாட்டி மட்டும் யார் வீட்டுக்கும் ஓடவில்லை. அவர் வீட்டம்மா வாசலில் நின்று கையை நீட்டி, "இந்தா, நான் இருக்கேன்!" என்று கூப்பிட்டாள். அவளைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, நனைந்த கைலி காலைத் தட்டத் தட்ட மெயின் ரோட்டுக்குப் போய் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏன் போனார் என்று ஊர் உடனே முடிவு கட்டியது. கோயில்பிள்ளை மேல் ஆயரிடம் புகார் கொடுக்கத் தூத்துக்குடிக்குப் போகிறார் என்றார்கள். போலீசுக்குத்தான் என்றார்கள் சிலர். அம்மா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். வேலை போனால் வீடு போகும், பிறகு எங்கே போவது? அப்பா கோயில் படியில் உட்கார்ந்தே இருந்தார். மன்றத்து டிவிப் பெட்டியின் பூட்டு அந்த வாரம் திறக்கப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முற்றத்து வாகை மரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளை விரட்டினார்கள், நாம் சுவருக்குப் பின்னால் நின்றோம். சாமியார் நாற்காலியில் இருந்தார். சம்மாட்டி பக்கத்தில். அப்பா மட்டும் நின்றார்.

வலையை அறுத்துவிட்டு வந்தவர் முதலில் எழுந்தார். "எந் தாயி போயிட்டாளோன்னு நெனச்சு வந்தேன் சாமி. வலை போனது போவட்டும். அந்தக் கரை வாற வரைக்கும் நான் செத்த சாவு இருக்கே, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"ஞானஸ்நானம் வாங்குனவராண்ணு தெரியாத ஆளுக்குக் கோயில் மணியா? நாளைக்கு சினிமாக்காரனுக்கும் அடிப்பானா?" என்றார் இன்னொருவர்.

குடித்திருந்தானா என்று ஒருவர் கேட்டார். கிறுக்கு என்றார் ஒருவர். குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டவனின் அப்பாதான் அது, இருக்கட்டும்.

சாமியார் அப்பாவைப் பார்த்து, "ஏன் அடிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"கை போயிட்டு சாமி" என்றார் அப்பா. "இருவத்தஞ்சு வருசமா யாராவது அழுதுக்கிட்டு ஓடி வருவாவ. செத்துட்டாவன்னு சொல்லுவாவ. நான் எந்திரிச்சுப் போயி அடிப்பேன். அன்னைக்கு இந்தப் பிள்ளைக அத்தனையும் அழுதுக்கிட்டு வந்து நின்னுச்சு. எனக்கும் நெஞ்சு அடைச்சுட்டு. யாரு, எந்த ஊருன்னு மனசு கணக்குப் பாக்குமுன்னே கை கயித்துல இருந்துச்சு. தப்புதான்."

அவ்வளவுதான். இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது என்று நானும் இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன்.

சம்மாட்டி தொண்டையைக் கனைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மணிய நம்பித்தான் ஊரு கடலுக்குப் போவுது. மணி பொய் சொல்லிட்டுன்னா அப்புறம் ஒண்ணுமில்ல. வேற கோயில்பிள்ளையப் பாருங்க சாமி. இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணிக் குடுத்துரட்டும்."

பெண்கள் பக்கம் நின்ற அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வெளி வாசல் கதவு கிறீச்சிட்டது. ஞானோபதேசத்து அக்கா. வயிறு முன்தள்ளி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, வெயிலில் முகம் கறுத்து, மெதுவாக நடந்து வந்தாள். அவள் போன பிறகு நம் கோயில் முற்றத்தில் கால் வைத்தது அன்றுதான். ஆண்கள் கூட்டம் தானாக வழி விட்டது. அவள் நேரே சம்மாட்டி முன்னால் போய் நின்றாள்.

"எப்பா, எதுக்கு வந்தீய?"

ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்மாட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒடம்பெல்லாம் நனஞ்சு, மூச்சு வாங்க, கடை வாசல்ல வந்து நின்னீய. என்னயவே பாத்தீய. என்னப்பான்னு கேட்டேன். தண்ணி குடுன்னு வாங்கிக் குடிச்சீய. ஒரு வார்த்தை சொல்லாம திரும்பிப் போயிட்டீய. எனக்கு அன்னையிலேருந்து ஒறக்கம் இல்லப்பா. அம்மாவுக்கு என்னமோன்னு நெனச்சேன். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிய. சொல்லுங்க, யாரு செத்தா?"

முத்தையாபுரத்தில் இருக்கிறவளுக்கு நம் ஊரில் எதற்கு மணி அடிக்கப் போகிறார்கள் என்று யோசிக்கிற நிலையில், கடலில் மணி கேட்ட அந்த மனிதர் இல்லை. நிறைமாதத்துப் பிள்ளை என்பது ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஆயரிடமும் போகவில்லை, போலீசுக்கும் போகவில்லை. நாம் எவ்வளவு பெரிய முட்டாள்கள்! எல்லோரும் சம்மாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரும் சாவல தாயி" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "யாருமே சாவல. நீ இருக்கல்லா, அது போதும்."

வீட்டம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். அந்த இடத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று அம்மா பின்னாலும் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் மூடவில்லை.

"செத்தாரு சம்மாட்டி" என்றார். "நம்மூர்ல இல்ல, ஆனா ஒரு மனுசன் செத்துட்டாரு. அவருக்கும் ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. டிவில காட்டுனாவ."

சம்மாட்டி எழுந்தார். அப்பாவை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், அடக்கத்துக்குப் போகிறவர்கள் கட்டுவது போல.

"தீர்ப்பு என்ன?" என்று சாமியார் கேட்டார்.

"அது கெடக்கு சாமி. மொதல்ல அந்த மனுசனுக்கு ஒரு செபம் சொல்லுங்க."

அந்தத் தீர்ப்பு கிடந்தது கிடந்ததுதான். பத்துப் பதினைந்து வருடம் கழித்து முட்டி தேய்ந்து தானாக விலகும்வரை அப்பாதான் கோயில்பிள்ளை. பெயர் தெரியாமல் மணிக்கயிற்றைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் மட்டும் சாமியார் போட்டார். பலசரக்குக் கடை மருமகன் பிறகும் ரொம்ப காலம் மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை, அது வேறு கதை.

சாமியார் எழுந்து நின்று, செபத்தில் சொல்வதற்குப் பேர் கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. டீக்கடை அண்ணாச்சி வேலிக்கு வெளியே நின்றிருந்தார், அவரும் கையை விரித்தார். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த நம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்காக அப்படி அழுதோமே, நம் ஒருவருக்கும் அவர் பேர் தெரியவில்லை. தாடி மாமா, தாடி மாமா என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றோம்.

"பேர் இல்லாம யாருக்குன்னு சொல்றது?" என்றார் சாமியார்.

"ஒரு பொம்பளப்புள்ளைக்குத் தகப்பன்னு சொல்லுங்க சாமி" என்றார் சம்மாட்டி. "யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

சாமியார் அப்படியே சொல்லி வேண்டினார். ஆமென் என்றது ஊர். சம்மாட்டிக்கு உதடு கோணிக்கொண்டது, சத்தம் வரவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் சேர்த்து உரக்கச் சொன்னாள்.